வசந்தி அக்கா நடந்து பார்த்த தண்ணீர்

ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் கூட்டத்துக் குமார் அழைத்தான். "அண்ணை, வசந்தி அக்கா மோசம் போயிட்டா." நோய் முற்றியது தெரியும், சாவு வருமென்றும் தெரியும். இருந்தும், கையிலிருந்த பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அக்காவுக்கு லவாலில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் ஜீப் கூட்டத்துக்குத் தலைவி. யாரும் தெரிவு செய்யவில்லை. எதிர்த்துப் பேச எவருக்கும் துணிவில்லை, அவ்வளவுதான். வடக்கே காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் எல்லோரும் ரயர்க் காற்றைக் குறைக்க வேண்டும். பெல்ட் போடாத ஒரு பிள்ளை இருந்தாலும் வண்டிகள் நகரா.

ஓடை வந்தால் ரப்பர் சப்பாத்தோடு, வீடு கூட்டும் தும்புத்தடியின் கம்பை ஊன்றி, தானே நடந்து பார்ப்பார். இழுவை பலமென்றால் கால் வைக்காமலே திரும்புவார். "நடக்கேலாத தண்ணிக்குள்ள வண்டியை விடக்கூடாது." நாங்கள் பின்னால் ஹோர்ன் அடித்துக் கேலி செய்வோம். இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களில் பலரும் அடித்தவர்கள்தான்.

ஒரு வசந்தகாலம், பனி உருகிய நேரம். முதல் வண்டி என்னுடையது. பின் இருக்கையில் மனைவியும் பிள்ளைகளும். முந்தின கிழமை நாங்கள் தாண்டிய ஓடைதான். "அக்கா, நல்ல நேரம் பாக்கிறியளோ?" என்று கத்தினேன். நான்கு எட்டு வைத்தவர் நின்றார். முன்னால் குத்திய கம்பு அவர் கைப்பிடிவரை இறங்கியது. அடிமண் அரித்துப்போயிருந்தது. "திருப்பு தம்பி," என்றார். கரையில் ரோல்ஸ் சாப்பிட்டோம். என் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன இலையுதிர்காலத்தில் அதே ஓடையருகே தன் ஜீப்பை நிறுத்தி, திறப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நோய் கால்களுக்கு வந்திருந்தது.

"நீங்கள் ஓட்டுங்கோ அக்கா, நான் நடந்து பாக்கிறன்."

"இல்லை. நடக்கேலாத ஆள் ஓட்டக்கூடாது. எனக்கும் அதுதான் சட்டம்."

கம்பை வாங்கி நடந்தேன். பிறகு அவரைப் பக்கத்து இருக்கையில் வைத்து, தாழ்ந்த கியரில் மெல்லக் கடந்தேன். மறுகரை சேரும்வரை கண்ணாடிக்கு வெளியே தண்ணீரையே பார்த்திருந்தார். "குலுக்காமல் கொண்டுவந்திட்டாய்," என்றார். எனக்கு அழுகை வந்தது.

அந்தக் கம்பு இப்போது என் வண்டியில்தான் கிடக்கிறது. போன சனிக்கிழமை அவர் இல்லாமல் போனோம். ஓடையில் தண்ணீர் கணுக்காலளவுகூட இல்லை. கரையிலிருந்தே அடிக்கல் தெரிந்தது. ஆனாலும் இறங்கி, மறுகரைவரை நடந்து பார்த்தேன்.

பின்னால் ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.