அண்ணனின் முதுகு, அத்தானின் முட்டி

என் கணவர் எனக்கு மாமா மகன், அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகன். சின்ன வயதிலிருந்து அத்தான் என்று கூப்பிட்டுப் பழகியதால் கல்யாணத்துக்குப் பிறகும் அந்த அழைப்பு மாறவில்லை. அவரும் என் அண்ணனும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், ஒரே கபடிக் குழு. எங்கள் கல்யாணத்தில் அதிகம் சந்தோஷப்பட்டது நானா அண்ணனா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

2004-ல், கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில், ஓணத்தை ஒட்டி, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கபடிப் போட்டி வைத்தார்கள். கல்யாணம் ஆனவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் எதிர்ப்பக்கம். அண்ணன் அப்போது தனிக்கட்டை. அவன் பாடிக்கொண்டு உள்ளே வந்தபோது அத்தான் பின்னாலிருந்து பிடித்துக் குப்புறத் தள்ளி, முட்டியை அவன் இடுப்பில் ஊன்றி அமுக்கிவிட்டார். அண்ணன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "கெட்டு கழிஞ்சவனுக்கு இவ்வளவு பெலம் எங்கயிருந்துடே வந்துது?" என்று கேட்டான். கெட்டு என்றால் எங்கள் ஊரில் கல்யாணம். கூட்டமே சிரித்தது. அடுத்த ஆட்டமும் ஆடினான். அன்றைக்கு இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. அதற்கடுத்த வருடம் அண்ணனுக்கு முதுகு வலி வந்தது. வலி என்பதைவிட விறைப்பு என்று சொல்லவேண்டும். காலையில் கட்டிலிலிருந்து எழ அவன் படும் பாட்டைப் பார்த்தால், ராத்திரி யாரோ அவனைப் பலகையில் வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனதுபோல இருக்கும். பத்து மணிக்குக் கொட்டாரத்தில் தன் பெயிண்ட் கடைக்குப் போய் நாலு டப்பாவைத் தூக்கி இறக்கினால் சரியாகிவிடும். இதைப் பார்த்தவர்கள் அவனைச் சோம்பேறி என்றார்கள். எலும்பு டாக்டர் டிஸ்க் தேய்மானம் என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார். ஒரு டாக்டர், இரண்டு டாக்டர் பார்த்துவிட்டு அம்மா அவனை ஒரு வர்ம ஆசானிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

எங்கள் மாவட்டத்தில் வர்மத்தைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. உடம்பில் சில இடங்கள் உண்டு, அங்கே அடி பட்டால் அப்போது தெரியாது, நாள் கழித்துத்தான் காட்டும் என்பது எல்லோருக்கும் பாடம். ஆசான் அண்ணனின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்பமாவது அடி கிடி பட்டிருக்கா?" என்று கேட்டார். எந்த டாக்டரும் கேட்கிற கேள்விதான். அண்ணன் யோசித்து, "கபடியில மச்சான் முட்டியால ஒரு இடி இடிச்சான்" என்று சொல்லியிருக்கிறான். ஆசான் தலையை ஆட்டிவிட்டுத் தைலம் தடவ ஆரம்பித்தார். அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மீதி முழுவதையும் அம்மா சொல்லிக்கொண்டாள்.

"எனக்க அண்ணன் மவனே எனக்க பிள்ளைக்க நட்டெல்ல ஒடிச்சுப் போட்டானே!"

இதைத் தெருவில் நின்று சொன்னாள். அத்தான் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு அவர் அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். எனக்குப் பிரசவம் ஆகி அம்மா வீட்டில் கிடந்தபோது அண்ணன்தான் குழந்தையைத் துணியில் சுற்றித் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினான். பெற்ற அப்பன் தன் பிள்ளையை முதன்முதலில் நடு ரோட்டில், ஒரு டெம்போவுக்கு வழி விட்டபடி பார்த்தார். அதற்குப் பிறகு நான் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் பைக்கை நிறுத்தி உட்கார்ந்துகொள்வார். அவர் வேலை பார்ப்பது கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில், மேனேஜராக. எத்தனை பேருக்கு அறைக் கதவைத் திறந்துவிடுகிற மனிதர், சொந்த அத்தை வீட்டுக்கு எதிரில் டீ ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணனுக்கு அவர்மேல் கோபம் கிடையாது. யாராவது பேச்செடுத்தால், "அவன் வேணும்னு செய்யல்ல" என்பான். வேண்டுமென்று செய்யவில்லை என்றால் செய்தான் என்றுதானே அர்த்தம்? அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண் பார்க்கப் போன இடங்களில் அண்ணனின் முதுகைப் பற்றி விசாரித்துவிட்டுத் தட்டிக் கழித்தார்கள். அந்தக் கணக்கும் அத்தான் தலையில்தான் விழுந்தது.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பாரம்பரியம் பாடம் வந்தால் பட்டாணிச் செடிக்குக் கட்டம் போட்டு விளக்குவேன். ஒரு முட்டியிடி இத்தனை வருடம் வளராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேறு என்ன என்று கேட்டால்தான் பதில் இல்லை. பதில் இல்லாத வாத்திச்சியை அம்மா மதிப்பாளா?

2011-ல் அண்ணனின் ஒரு கண் சிவந்துபோயிற்று. மெட்ராஸ் ஐ என்று நினைத்துக் கடைக்கு வந்தவர்கள் தள்ளி நின்று பெயிண்ட் வாங்கினார்கள். வெளிச்சம் பட்டால் உயிர் போகிறது என்று அவன் கத்த, நாகர்கோவிலில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே, "காலையில முதுகு விறைச்சுப் போகுமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணுக்குச் சொட்டு மருந்தும், திருவனந்தபுரத்தில் ஒரு மூட்டு நோய் டாக்டருக்குச் சீட்டும் கொடுத்தார்.

திருவனந்தபுரத்து டாக்டர் ஒரு மலையாளத்து அம்மா. தமிழ் வரும், இடையிடையே மலையாளமும் வரும். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து மறுபடி போன அன்று, நோயின் பெயர் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்குகிற நோய். தாக்கித் தாக்கி எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சில சமயம் கண்ணையும் பிடிக்கும். அண்ணனுடைய ரத்தத்தில் பி-27 என்ற ஜீன் இருக்கிறது, அது அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வந்திருக்கும் என்றார்.

எனக்கு எழுந்து கும்மியடிக்கலாம் போல இருந்தது. ஆயுசுக்கும் முழுதாக மாறாத நோய் என்று பக்கத்தில் அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு என் புருஷன் பெரிது.

"அப்போ அடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, இல்லையா மேடம்?" என்று கேட்டேன். கபடிக் கதையையும் சொன்னேன்.

"அப்படித் தீர்த்துச் சொல்லப் பற்றில்ல டீச்சரே" என்றார். பற்றில்ல என்றால் முடியாது. "இந்த ஜீன் உள்ளவங்கள்ல பெரும்பாலான ஆட்களுக்கு நோயே வராது. உங்க கிளாஸ்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகம் ஒண்ணுதானே? ஆனா பரீட்சைக்கு இது வரும், இது வேண்டாம்னு பென்சிலால அடையாளம் போடுவீங்க. வேண்டாம்னு அடிச்ச பாடத்தை ஒரு பிள்ளையும் வாசிக்காது. பாடம் புத்தகத்திலயேதான் கிடக்கும்."

உடம்பும் ஜீன்கள்மேல் அப்படி அடையாளம் போடுகிறது, எழுத்து மாறாது, எதை வாசிப்பது எதை விடுவது என்பது மாறும் என்றார். அதைப் படிக்கிற படிப்புக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். அச்சு அசலான இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய் வந்து மற்றதற்கு வராமல் போவதும் உண்டு. புகை, குடலில் வருகிற கிருமி, இன்னும் நமக்குத் தெரியாத எத்தனையோ அந்த அடையாளங்களை மாற்றலாம், எது எவ்வளவு என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"அதில ஒரு பென்சில் இவர் பாக்கெட்ல இருக்கு" என்று அண்ணனைக் காட்டினார். அண்ணன் சட்டென்று சிகரெட் பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

"அடி?" என்று நான் விடவில்லை.

"ஜீன் உள்ளவங்களுக்கு, எலும்பும் தசைநாரும் ஒட்டுற இடத்தில பாரம் விழுந்தா அது தூண்டிவிடலாம்னு நினைக்கிறவங்க உண்டு. இவருக்கு அதுதான்னு என்னால சொல்ல முடியாது. அது இல்லேன்னும் சொல்ல முடியாது."

அப்போதுதான் எனக்கு அடுத்த கேள்வி வந்தது. இத்தனை நேரம் எங்கே போயிருந்ததோ. "மேடம், என் பையனுக்கு?"

எனக்கு அந்த ஜீன் இருக்கலாம், பையனுக்கும் இருக்கலாம், இருந்தாலும் வராமலே போகத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். தொந்தரவு ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டாம், வளர்ந்த பிறகு காலை விறைப்பு வந்து போகாமல் நின்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். நாங்கள் சொந்தத்துக்குள் கட்டியவர்கள். என் அம்மா வழியில் வந்தது என்றால் அத்தான் பக்கமும் அதே ரத்தம்தான். வகுப்பில் கரும்பலகை நிறையக் கட்டம் போடுகிற எனக்கு, அந்தக் கட்டத்தில் என் மகனை வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அண்ணனுக்கு மாத்திரையும், தினமும் செய்யவேண்டிய உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். படுத்துக் கிடந்தால்தான் இந்த நோய் முற்றும், அசைந்தால் தணியும். ஊரே சேர்ந்து அவனுக்குச் சொன்ன ஒரே வைத்தியம் ஓய்வு. ரயிலில் வரும்போது அவன் நொந்துபோய், "சும்மா கபடிய விட்டேனே!" என்றான். இப்போது காலையில் வட்டக்கோட்டைக் கடற்கரையில் நடந்து, குனிந்து, நிமிர்ந்து, பார்க்கிறவர்கள் வேடிக்கை பார்க்கும்படி எல்லாம் செய்கிறான்.

அடி காரணமாக இருக்கலாம் என்ற பாதியை அம்மாவிடம் சொல்வதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். அத்தான் வழக்கம்போல டீக்கடையில். அம்மா அடுக்களை வாசலில் சாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகன் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அது வர்மம் இல்ல. ரத்தத்தில உள்ள நோயாக்கும்" என்றேன்.

"யாருக்க ரத்தத்தில?"

"நம்ம ரத்தத்தில. ஒனக்கோ அப்பாவுக்கோ உள்ளது."

"எனக்கு ஒரு கொறையும் இல்லியே."

"இருந்தாலும் வெளிய காட்டாம கிடக்கும்மா."

அம்மாவின் கத்தி நின்றது. "அப்போ ஒனக்கும் இருக்குமாட்டி?"

"இருக்கலாம்."

"பயலுக்கு?"

டாக்டர் முன்னால் எனக்கு அவ்வளவு நேரம் கழித்துத் தோன்றிய கேள்விக்கு அம்மா நாலாவது வாக்கியத்திலேயே வந்துவிட்டாள். "இருக்கலாம். வரணும்னு இல்ல" என்றேன்.

முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மீனை எடுத்துப் படக்கென்று தலையை வெட்டினாள். "சவத்த விடு. ரத்தமும் இல்ல, கித்தமும் இல்ல. கபடியில அடிச்சதுதாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அஞ்சாறு வருஷமா மனுசன ரோட்டுல நிறுத்தி வச்சிருக்க. அவ்வளவு பெரிய டாக்டர் சொன்ன பொறவும் அதையே சொல்லுகியே, ஒனக்கு வெக்கமா இல்லியா?" அம்மா மீன் சட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அடியாக இருந்தால் நோய் அண்ணனோடு முடிந்துவிடும், ரத்தமாக இருந்தால் பேரன் வரைக்கும் வரும். அவள் எதைத் தேர்ந்தெடுக்கிறாள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் கோபம் குறையவும் இல்லை.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றவன், விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் போனான். டீக்கடையிலிருந்து அத்தானைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். "ஒனக்க முட்டி இல்லடே மச்சான், நமக்க ரத்தமாக்கும்! டாக்டரே சொல்லியாச்சி" என்று வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் திருவனந்தபுரத்தைப் பற்றி அத்தானிடம் அதுவரை வாயே திறக்கவில்லை. எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

முற்றத்துக்கு வந்து நின்ற அத்தானின் முகத்தில் நான் எதிர்பார்த்த தெளிச்சி இல்லை. என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ரத்தம்னா, பயலுக்கும் உண்டா?"

"இருக்கலாம் அத்தான். வராமலும் போகலாம்."

அப்பா இந்த முற்றத்துக்குள் வந்து நிற்பதைப் பையன் பார்த்ததே இல்லை. ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான். அத்தான் குனிந்து அவன் முதுகை மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினார். பிறகு அடுக்களையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அத்தை."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"நான் அடிச்சதுதான் அத்தை. முட்டிய நல்லா ஊணித்தான் இடிச்சேன். டாக்டருக்கு என்ன தெரியும்?"

அண்ணன் வாயைத் திறக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன். அம்மா மீன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"ஆமா மக்கா, நீ அடிச்சதுதாம்" என்றாள். "கை கழுவிட்டு உள்ள வா. சோறு ஆறிப்போவும்."