எல்லை தாண்டாத நர்சம்மா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். மாரியம்மனுக்கு விளக்கு வைக்காமல் இன்றும் நான் சாப்பிடுவதில்லை. அவள் நோன்பையே குறை சொல்வதாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயம். இனியும் பயந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். ஓடைப் பள்ளத்தைத் தாண்டினால் பெரிய ஊர். துணை சுகாதார நிலையம் அங்கேதான். இரண்டு ஊருக்கும் ஒரே நர்சம்மா. தொண்ணூறுகளில் ஊராட்சிகளுக்குப் புது அதிகாரம் வந்ததும், அந்த ஊர்த் தலைவர் நிலையத்தைத் தன் வீட்டு மாட்டுக் கட்டுத்தரை மாதிரி நடத்த ஆரம்பித்தார். தினமும் நர்சம்மா முதலில் அவருடைய அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துவிட்டுத்தான் மற்ற தெருவில் கால் வைக்க வேண்டும்.

அந்த வருஷம் பெரிய ஊரில் மாரியம்மன் நோன்புத் திருவிழாவுக்குக் கோயில் முன் கம்பம் நட்டிருந்தார்கள். நட்டபின் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. நானும் அதைக் கடைப்பிடிப்பவன்தான். பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கிற நாள் மத்தியானம் என் மனைவிக்கு வலி வந்தது. டவுனுக்குப் போக வண்டி பிடிக்க ஆள் அனுப்பிவிட்டு, நான் சைக்கிளில் நர்சம்மாவைக் கூப்பிடப் போனேன். தீச்சட்டி எடுப்பவர்களுக்குக் கை சுட்டால் மருந்து போட, அவரைக் கோயில் பந்தலில் உட்கார வைத்திருந்தார் தலைவர்.

“நர்சம்மா, வலி வந்துருச்சுங்க. சீக்கிரம் வாங்க.”

அவர் பையோடு எழுந்தார். தலைவர் கையை நீட்டித் தடுத்தார்.

“ஏனுங்க, கம்பம் நட்டது தெரியாதுங்களா? புள்ள எப்பப் பொறக்கும்னு யாரு கண்டா? இருட்டிப்போச்சுன்னா இவங்க உங்க ஊட்டுலதான் தங்கோணும். எல்லை தாண்ட உடமாட்டேன்.”

“அவங்க வெளியூருங்க. காப்பா கட்டியிருக்காங்க?”

“இந்த ஊர்லதானே சோறு திங்கறாங்க? ஆயாவக் கூட்டிட்டுப் போங்க. அவ உங்க பக்கத்துக்காரிதானே, தாண்டலாம். நாட்டுல உங்க ஊட்டுப் பொம்பள மட்டுந்தான் புள்ள பெக்கறாளாக்கும்!”

பந்தலே சிரித்தது. ஆயா நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்.

“தலைவரே, கூட்டறவங்களும் பிரசவம் படிச்சு வந்தவங்களும் ஒண்ணுங்களா?”

“ஆளுக்கு ஆளு சரியாப்போச்சுங்க. யாரை எங்க அனுப்போணும்னு எனக்குத் தெரியும்.” பிறகு நர்சம்மாவைப் பார்த்து, “போறதுன்னா போங்க அம்மணி. நாளைக்கு இங்க உங்க நாற்காலி இருக்காது.”

நர்சம்மா உட்கார்ந்தார். அதையும் நான் மறக்கவில்லை.

ஆயா மேல் எனக்குக் கோபமில்லை. “எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்களே” என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். குழந்தைக்குக் கால் முதலில் வந்தது. தெரியாமல் காலைப் பிடித்து இழுத்தார். வண்டி வாசலுக்கு வரும்போது பெண்ணாகப் பிறந்திருந்தது. அழவில்லை. மனைவியை மட்டும் ஏற்றினோம். அவள் பிழைத்தாள்.

நோன்பின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்து, நெற்றி நிறையத் திருநீறோடு தலைவர் துக்கம் கேட்க வந்தார். “எல்லாம் ஆத்தா செயலுங்க. அவ எடுத்துக்கிட்டா, மனசத் தேத்திக்குங்க” என்றார். வாசலைக் காட்டி வெளியே போகச் சொன்னேன். இன்றுவரை அவர் கையால் நான் திருநீறு வாங்கியதில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு, அந்தக் குழந்தையை ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அவள் எடுக்கவில்லை.