சாரா அம்மாவுக்கு ஒரு கடிதம்

எங்கள் தெருவிலிருந்து எருசலேமுக்குப் போன முதல் ஆள் எதிர்வீட்டு டீச்சர்தான். கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் எங்களைப் போன்ற முஸ்லிம் வீடுகளே அதிகம். டீச்சர் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு. பணி ஓய்வு பெற்ற பிறகு, சர்ச் ஆட்களோடு புனித நாடுகளுக்குப் போகப்போகிறேன் என்று அவர் சொன்ன நாளிலிருந்து தெரு முழுக்க அதே பேச்சு. இத்தனைக்கும் அவர் கொடைக்கானலுக்குக் கூட வாந்தி மாத்திரை இல்லாமல் போனதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் அத்தா, அம்மா, நான், அப்புறம் சாச்சி. சாச்சி என்றால் அம்மாவின் தங்கை. பேரையூரில் வாழ்க்கைப்பட்டிருந்தவள், ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பையோடு வந்தாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள் என்றுதான் அம்மா சொன்னாள். அந்த நாலு நாள் முடியவே இல்லை. மாடி அறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தாள். எனக்குத் தலை பின்னிவிடுவது, சோறு ஊட்டுவது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவள் என்றாகிவிட்டது. ராத்திரி அவள் பக்கத்தில்தான் படுப்பேன். அவளுக்கு ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லை என்பதும், சாச்சா வீட்டில் வேறு பெண் பார்க்கிறார்கள் என்பதும் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதிலிருந்து எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதை ஒரு கஷ்டமாக நான் நினைக்கவில்லை. பிள்ளை இல்லாததால்தானே சாச்சி எனக்குக் கிடைத்தாள்!

ஒருநாள் சாயங்காலம் டீச்சர், டிராவல்ஸ்காரர்கள் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எந்தெந்த நாளில் எந்தெந்த ஊர் என்று அதில் அச்சடித்திருந்தது. பெத்லகேம், நாசரேத், யோர்தான் நதி என்று வாசித்துக்கொண்டே வந்தவர், "ஆறாம் நாள் எபிரோன். ஆபிரகாம் கல்லறை" என்றார்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சாச்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

"இப்ராகிம் நபியோட கபுரா டீச்சர்? அப்ப சாரா அம்மாவும் அங்கதான இருப்பாக?"

"ஆமாம்மா. ஆபிரகாம், சாராள், ஈசாக்கு எல்லாருமே அந்தக் குகையிலதான். யூதங்க, நாங்க, நீங்க, எல்லாருக்கும் மூத்தவுக அவுகதான."

பிறகு சாராளின் கதையை டீச்சர் சொன்னார். தொண்ணூறு வயதில் உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று ஆண்டவர் சொல்ல, சாராள் நம்பாமல் சிரித்துவிட்டாளாம்.

"எங்க குர்ஆன்லயும் சிரிக்கத்தான் செய்றாக" என்றாள் சாச்சி. "எனக்கு முப்பதுதான் டீச்சர் ஆகுது." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மா ஏனோ எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டீச்சர் கிளம்பும் நாள் காலையில், சாச்சி ஒரு காகிதத்தை நாலாக மடித்து ஒட்டாத கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "டீச்சர் கையில குடு. சாரா அம்மாகிட்ட சேத்துரச் சொல்லு. வேற யாருகிட்டயும் குடுத்துராத, என்ன?"

தெருவைக் கடக்க எனக்குப் பத்து எட்டு போதும். அந்தப் பத்து எட்டுக்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடிதம் போய்ச் சேரும். சாரா அம்மா படிப்பாள். சாச்சிக்குப் பிள்ளை பிறக்கும். சாச்சா வந்து கூட்டிப்போவார். அதன் பிறகு பேரையூரில் வேறொரு பிள்ளைக்கு அவள் தலை பின்னிக்கொண்டிருப்பாள்.

டீச்சர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையிலிருந்த கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலால் எழுதினேன்: 'சாரா அம்மாவுக்கு. எங்க சாச்சி எங்க வீட்டுலயே இருக்கணும். எங்கயும் போகக் கூடாது. ஆமீன்.' அதைக் கவரில் வைத்தேன். சாச்சியின் காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நோட்டு அட்டைக்குள் செருகிக்கொண்டேன். வேன் வந்து ஹாரன் அடித்தது. டீச்சர் கவரை வாங்கிக் கைப்பையில் வைத்து, என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

அதன் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. சாச்சி புது ஆளாகிவிட்டாள். தைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். ஒழுங்காகச் சாப்பிட்டாள். "இன்னைக்கு யோர்தான்ல இருப்பாக", "இன்னைக்கு நாசரேத்" என்று தினமும் என்னிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நோட்டு அட்டைக்குள்ளிருந்து அந்தக் காகிதம் என்னை ஊசியால் குத்துவது போலிருந்தது. பயந்து கணக்கு நோட்டைத் திறக்காமலே இருந்ததில், வீட்டுப்பாடம் எழுதாதவள் என்று வகுப்பில் வேறு நின்றேன்.

ஆறாம் நாள் சாச்சி நோன்பு வைத்தாள். "இந்நேரம் அங்க போயிருப்பாக" என்று சொல்லிக் காலையிலேயே குளித்துவிட்டு யாசீன் ஓத உட்கார்ந்தவள், பொழுது சாயும் வரை மாடியை விட்டு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டிப் பார்த்தேன். கையை ஏந்தி, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் படியிலேயே நின்று ஓவென்று அழுதுவிட்டேன்.

"ஏண்டி, விழுந்துட்டியா? யாரும் அடிச்சாகளா?"

கணக்கு நோட்டைக் கொண்டுவந்து அட்டையைப் பிரித்துக் காகிதத்தை எடுத்து அவள் மடியில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அவள் அசையவில்லை.

"நோன்பு தெற சாச்சி" என்றேன்.

"வாயத் தெற" என்றாள். அறையப் போகிறாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வாய்க்குள் பேரீச்சம்பழம் வந்தது. அடுத்ததை எடுத்துத்தான் அவள் நோன்பு திறந்தாள்.

"என் பேர எழுதுனியா, சாச்சின்னு எழுதுனியா?"

"சாச்சின்னுதான்."

"அடி கூறு கெட்டவளே, ஒலகத்துல எம்புட்டு சாச்சி இருக்காளுக! அவுகளுக்கு எப்படிடி தெரியும்?"

என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது. என் கழுத்தில் ஈரம் பட்டபோதுதான் சந்தேகம் வந்தது.

டீச்சர் திரும்பி வந்தபோது தெருவே அவர் வீட்டில் கூடிவிட்டது. எல்லோருக்கும் கொஞ்சம் யோர்தான் தண்ணீர், எங்களுக்குப் பேரீச்சம்பழப் பெட்டி. எபிரோன் கதையை அவர் சாச்சிக்கென்றே சொன்னார்.

"ஒரே கட்டடம்மா. நடுவுல சுவரு வச்சு மறிச்சிருக்காங்க. அந்தப் பக்கம் யூதங்க கும்பிடுறாங்க, இந்தப் பக்கம் பள்ளிவாசல். பஸ்காரன் அவசரப்படுத்துனான், ஒரு பக்கந்தான் பாக்க முடியும்னுட்டான். நான் லெட்டர் எந்த வீட்டுதோ அந்தப் பக்கமே போறேன்னுட்டேன். எனக்கும் தலையோட சேத்து ஒரு அங்கி மாட்டிவிட்டாங்க, பாத்துக்க!" எல்லோரும் சிரித்தார்கள். "போற வழியில துப்பாக்கியோட ஒரு பட்டாளத்துப் பையன். கவரப் பிரிச்சுத் தாளத் திருப்பித் திருப்பிப் பாக்குறான். யாருக்குன்னு கேட்டான். சாராவுக்குன்னேன். எங்கம்மா பேரும் சாராதான்னு சொல்லி மடிச்சுக் குடுத்துட்டான். உள்ள தரையில ஒரு துவாரம், செம்புல மூடி. அதுக்குக் கீழதான் குகையாம். அது வழியா போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு டீச்சர் என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவர். பட்டாளத்துக்காரன் கவரைப் பிரித்தபோது அவரும் அந்தத் தாளைப் பார்த்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"எழுத்துதான் கொஞ்சம் கோணலா இருந்துச்சு" என்றார் டீச்சர்.

"எனக்கு அம்புட்டுதான் எழுத வரும் டீச்சர்" என்றாள் சாச்சி. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்துக்குள் ஒரு குட்டியானை வண்டி நுழைய முடியாமல் நுழைந்தது. சாச்சியின் பீரோ, கட்டில், அண்டா, கிரைண்டர், அவள் கல்யாணத்துக்கு அவளுடைய அத்தா, என் நன்னா, கொடுத்த பித்தளைக் குடங்கள் எல்லாம் அதில் இருந்தன. பேரையூர்ப் பள்ளிவாசலிலிருந்து ஜமாத்தார் இரண்டு பேர் வந்து அத்தாவிடம் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சாச்சா வரவில்லை.

நான் வண்டியின் மேல் ஏறிக் கட்டிலில் நின்றுகொண்டேன். சாமான் எல்லாம் வந்துவிட்டதென்றால் சாச்சி இனி போகமாட்டாள் என்றுதானே அர்த்தம்!

"எறங்குடி, விழுந்துருவ" என்றாள் சாச்சி வாசலிலிருந்து.

"இனிமே பேரையூருக்குப் போகமாட்டேல்ல சாச்சி?"

"போகல."

"சத்தியமா?"

"சத்தியமா போகலடி. நீ கேட்டது கெடச்சிருச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க சாச்சி இனிமே எங்க வீட்டுலதான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன், குதித்தேன். பாதி திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. குடத்தை இறக்கிய அம்மா அதை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். எதிர்வீட்டிலிருந்து டீச்சர் ஓடி வந்து, "வாத்தா, நம்ம வீட்டுக்குப் போவோம், பிஸ்கட்டு தாரேன்" என்று கையை நீட்டினார். எல்லோருக்கும் என் மேல் பொறாமை என்று நினைத்தேன்.

சாச்சிதான் குறுக்கே வந்து, "இருக்கட்டும் டீச்சர், பிள்ளை ஆடட்டும்" என்றாள். கையை நீட்டினாள். கட்டிலிலிருந்து அவள் இடுப்புக்குத் தாவினேன். ஒன்பது வயதுப் பிள்ளை, கனமாகத்தான் இருந்திருப்பேன். கடைசிச் சாமான் இறங்கும் வரை அவள் என்னைக் கீழே விடவில்லை. என்னைத் தூக்கி வைத்திருக்க அவளுக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் அன்றைக்கு அந்த வாசலில் அவளால் நின்றிருக்க முடியாது என்பது எனக்குத் தெரியவில்லை.