எட்டு மாதம் கழித்து ஒரு ரோகு

ரவாங்கில் எங்கள் தொழிற்சாலையில் புட்டி மூடி செய்கிறோம். மூடியில் மயிரிழை கோணல் இருந்தாலும் கண்டுபிடித்து, அது எதனால் வந்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் லிங்கேஸ்வரனின் வேலை. இருபத்து நான்கு வருடமாக இதையே செய்கிறான். அப்படிப்பட்டவன், தன் தூண்டிலை மட்டும் ஏன் ஒரு மீனும் சீண்டவில்லை என்று தெரியாமல் எட்டு மாதம் பித்துப் பிடித்தவன் மாதிரி அலைந்தான். சிரிக்காமல் என்ன செய்வது? நானும் சிரித்தேன். விஷயம் முழுதாகத் தெரிந்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

அவன் பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்தை இடித்தபோது குடும்பம் செரண்டாவில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தது. இப்போது அந்த வீட்டில் அவனும் மனைவி மோகனாவும்தான். மோகனா பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். மகள் ஜொகூரில் வேலை செய்கிறாள். லிங்கேஸ்வரன் குணத்தில் தங்கம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஆள் குடிப்பான். சாதாரணக் குடி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மீன் பிடிக்கப் போகிறேன் என்று தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புவான். செரண்டாவுக்கு வெளியே பழைய ஈயச் சுரங்கக் குளம் ஒன்று இருக்கிறது. குளத்துக்குப் போவான், தூண்டிலைத் தொட மாட்டான். கூட்டாளி தேவனும் இன்னும் நாலு பேரும் பீர் டின்னோடு அங்கே காத்திருப்பார்கள். திரும்பி வரும் வழியில் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு, வாசம் தெரியாமலிருக்கப் பாக்கை மென்றுகொண்டு வீட்டுக்குள் நுழைவான். ஒருமுறை போதையில் கெம்போங் மீன் வாங்கிப் போய்விட்டான். கடல் மீனை ஈயக் குளத்தில் பிடித்தேன் என்று சொன்ன ஆள் இந்த வட்டாரத்திலேயே இவன் ஒருவன்தான். மோகனா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பொரித்துத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னான்.

போன தீபாவளிக்கு மறுநாள் குடியை விட்டான். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க மோகனா கட்டித் தந்த முறுக்கு டின்னோடு, போதையில் மோட்டாரைச் சாக்கடையில் இறக்கிய நாள் அது. கை கால் உடையவில்லை. முறுக்கு மிதந்ததைத்தான் தெருவே நின்று பார்த்தது. முதல் இரண்டு மாதம் மோகனா தினமும் வாசலிலேயே நிறுத்தி, “ஊதுங்க” என்பாள். இவன் ஊதுவான். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விடுவாள். பிறகு அவளே அதை நிறுத்திவிட்டாள். நம்பிக்கை வந்து நிறுத்தினாளா, அலுத்துப்போய் நிறுத்தினாளா என்று இவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. அதனால் நிஜமாகவே மீன் பிடிக்கத் தொடங்கினான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஒரு மீனும் கிடைக்கவில்லை. வாரா வாரம் வெறுங்கையோடு வந்தான். ஒரு நாள் அவன் தங்கச்சி உஷாராணி வந்திருந்தபோது மோகனா சொன்னாளாம்: “இவரும் ஏழு மாசமா கொளத்துக்குப் போறாரு. ஒரு செதில்கூட வீட்டுக்கு வரல.” உஷாராணி சிரித்தாள். மோகனா சிரிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை இவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. பொய் சொன்ன காலத்தில் வீட்டுக்கு மீன் வந்தது. உண்மையாக இருக்கும்போது மீன் வரவில்லை. இதை எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? ஒரு மீன், உயிரோடு ஒரே ஒரு மீன் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டால் போதும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் தொழிற்சாலைக் கேண்டீனில் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு டெலிபோனில் வீடியோ பார்ப்பான். எல்லாம் குளிர் நாட்டு வெள்ளைக்காரர்கள் ஏரியில் டிரவுட் என்ற மீனைப் பிடிக்கும் வீடியோ. ஈயக்குண்டு அடியில் கிடக்க வேண்டும், இரை மட்டும் தரையிலிருந்து இரண்டடி மேலே மிதக்க வேண்டும், தூண்டில் நரம்பு மெல்லிசாக இருக்க வேண்டும், முள் சின்னதாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதையெல்லாம் தொழிற்சாலை நோட்டில் எழுதினான். நம் ஊரில் டிரவுட் எங்கே இருக்கிறது, இங்கே இருப்பது ரோகுவும் லம்பாமும்தானே என்று கேட்டேன். “மீன்னா மீன்தானண்ணே, எல்லாத்துக்கும் வயிறு இருக்குல்ல” என்றான்.

இரை மிதப்பதற்கு அவன் செய்த வேலையை மட்டும் மெச்சத்தான் வேண்டும். கோதுமை மாவு, பிய்த்த ரொட்டி, வறுத்துப் பொடித்த கச்சான் கடலை, கொஞ்சம் தேங்காய்ப் பூ. அதோடு பொரியைச் சேர்த்துப் பிசைந்தான். பொரி உள்ளே இருந்ததால் உருண்டை நன்றாகவே மிதந்தது. ஆனால் மீன் கடிக்கவில்லை. நரம்பை மாற்றினான், முள்ளை மாற்றினான், ஈயத்தைக் குறைத்தான், இரையில் பாண்டான் இலைச் சாறு விட்டான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினான். எதை மாற்றியதால் என்ன நடந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவன் இவன். பக்கத்தில் நின்ற தேவன், பீர் டின்னைக் கீழே வைத்துவிட்டு வெறும் ரொட்டியைக் கிள்ளிக் கோர்த்து ஒரு மணி நேரத்தில் இரண்டு லம்பாம் இழுத்தான். லிங்கேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டதாம். குளத்துக்கே தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தானாம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பிளாஸ்டிக் பை ஒன்றோடு என்னிடம் ஓடி வந்தான். முந்தின நாள் மிச்சமான இரையைச் சமையல்கட்டு மேசையில் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். பக்கத்திலேயே மோகனா சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு துணுக்கு கிடந்திருக்கிறது. காலையில் பார்த்தால் சப்பாத்தி மாவை எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. இவனுடைய இரையை ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. “இதுல என்னமோ இருக்குண்ணே, மோந்து பாருங்க” என்றான்.

முகர்ந்தேன். தைல வாசனை மூக்கில் ஏறியது. தலைவலிக்கும் வயிற்று வலிக்கும் கொசுக்கடிக்கும் எங்கள் சனம் தேய்த்துக்கொள்ளும் அதே பச்சைத் தைலம்தான். எஸ்டேட்டில் பிறந்தவன் எவன் சட்டைப்பையில் அந்தப் புட்டி இல்லை? அவன் மேல் எப்போதும் அந்த வாசம் அடிக்கும். எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது. தன் விரலில் அந்த வாசம் ஒட்டியிருப்பது அவனுக்கே உறைக்கவில்லை. சிகரெட் கை, பெட்ரோல் கை, சோப்புக் கை மூன்றும் ஆகாது என்று வெள்ளைக்காரன் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு, தைலக் கையால் மாவு பிசைந்திருக்கிறான். தைலத்தைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும், பாவம்.

இவ்வளவுதானா விஷயம், தைலத்தை விட்டுத் தொலை என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது.

“தலவலிக்குத் தேய்க்கலண்ணே. தேவன் டின்ன ஒடைக்கிறப்ப பீர் வாசம் வரும். அது வந்தா நான் அவ்வளவுதான். மீசையில தைலத்தத் தடவிக்கிட்டா தெரியாது.”

எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மீசையில் தைலம் தடவி, அதே விரலால் இரையை உருட்டியிருக்கிறான். நான் அன்றைக்குத்தான் சிரிப்பை நிறுத்தினேன். வேறு இடத்தில் போய் நில்லேன் என்றேன். குளத்தைச் சுற்றி முள்ளும் சேறும்தான், நிற்கத் தோதான கரை அது ஒன்றுதான் என்றான். தொழிற்சாலைக் கையுறையைக் கொடுத்தனுப்பினேன். அதைப் போட்டுக்கொண்டே மறதியில் மீசையைத் தடவியிருக்கிறான். கதை பழையபடிதான். தைலம் இருந்தால் மீன் வராது. தைலம் இல்லாவிட்டால் என்ன ஆவேன் என்று அவனுக்கே தெரியாது. எது பெரிது என்று என்னைக் கேட்டான்.

ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு, தைலப் புட்டியை மோட்டார்ப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுக் குளக்கரைக்கு இறங்கினான். அன்றைக்கு ரொம்பவும் பயந்தேன் என்று வெட்கமில்லாமல் சொன்னான். தேவன் முதல் டின்னை உடைத்ததும் வாய் ஊறியதாம். எழுந்து போய் புட்டியை எடுத்துவரலாமா என்று எத்தனை தரம் நினைத்தான் என்று கணக்கே இல்லை. ஈயத்தையும் மிதக்கிற இரையையும் மறந்து, சும்மா ஓர் உருண்டையைக் கோர்த்து வீசிவிட்டு நரம்பையே முறைத்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிக்கு நரம்பு இழுத்தது. தூண்டில் வளைந்த வளைப்பில் கை எரிந்ததாம். தேவன் ஒரு கையில் டின்னோடும் மறு கையில் வலையோடும் சேற்றில் இறங்கி ஓடிவந்தான். இரண்டு பேருமாக மல்லுக்கட்டி மீனை வலைக்குள் தள்ளினார்கள். மூன்று கிலோ இருக்கும் ரோகு. தள்ளிய வேகத்தில் டின் கவிழ்ந்து, பீர் முழுக்க லிங்கேஸ்வரனின் சிலுவாரில், தொடையிலிருந்து முட்டிவரை, கொட்டியது.

மீனை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு சந்தோஷமாகத்தான் கிளம்பியிருக்கிறான். வழியில் காற்று அடித்தபோதுதான் தன்மேல் வீசுவது என்ன வாசம் என்று உறைத்தது. செரண்டா பெட்ரோல் நிலையத்தில் மோட்டாரை நிறுத்தினான். கழுவிவிடலாம், குழாய் பக்கத்திலேயே இருந்தது. தைலத்தை அள்ளிப் பூசிக்கொள்ளலாம், புட்டியும் பெட்டியில் இருந்தது. பெட்டியைத் திறந்து புட்டியைக் கையில் எடுத்தும்விட்டான். பாக்கு மென்ற நாட்களிலும் இதைத்தானே செய்தேன் என்ற நினைப்பு அப்போது வந்ததாம். பூசினால் மறைக்கிறவன். பூசாவிட்டால் குடித்தவன். நின்று நின்று பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை. சாக்குக்குள் மீன் துள்ளியது. புட்டியைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு அப்படியே வீட்டுக்குப் போனான்.

மோட்டார்ச் சத்தம் கேட்டு மோகனா வாசல் கேட்டுக்கு வந்தாள். சாக்கைப் பார்த்தாள், உள்ளே வாலடிக்கிற மீனைப் பார்த்தாள், சிரித்தாள். கிட்டே வந்தவள் நின்றுவிட்டாள். சிரிப்பு போய்விட்டது. அவள் கண் மீனிலிருந்து அவன் சிலுவாருக்கு இறங்கியது.

மீனைத் தூக்கிப் பிடித்தபடி, தேவன் டின் கொட்டிவிட்டது, நான் தொடவில்லை என்றான். சொல்லும்போதே அது தன் பழைய பொய்களில் ஒன்றைப் போலத் தன் காதிலேயே விழுந்ததாம். இப்படி ஒரு சாக்குப்போக்கை எந்தக் குடிகாரன் சொன்னதில்லை?

எதிர்வீட்டு ரேடியோ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஊதிக் காட்டவா?” என்றான்.

“வேணாம்.”

அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தான். மோகனா அவன் கையிலிருந்து மீனை வாங்கிக்கொண்டாள்.

“குடிச்சிருந்தா கழுவிட்டு வந்திருப்பீங்க,” என்றாள். “போய்க் குளிங்க. நான் மீனக் கழுவுறேன்.”

அவள் உள்ளே போனாள். லிங்கேஸ்வரன் கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதான்.