தணிகைவேல் நாயைக் கவனித்த விதம்

நகரியில் விசைத்தறி ஓட்டும் தணிகைவேலுக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். அதனால் டாக்டர் எதைச் சொன்னாலும் தனக்குச் சௌகரியமான பாதியைத்தான் காதில் வாங்குவார். சர்க்கரை வந்தபோது தினமும் நடக்க வேண்டும், இனிப்பைத் தொடக் கூடாது என்றார்கள். மனுஷன் தவறாமல் நடந்தார், மைசூர்பாகு வாங்கிவர.

ஒரு புரட்டாசியில் தெருநாய் அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. டாக்டரம்மா நளினி புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்து, இன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும், நாயையும் பத்து நாள் கவனியுங்கள் என்றார். ஊசி போடும் அறைக்கு அனுப்பினால், இவர் பின்வாசல் வழியாக நழுவி நாயைக் கவனிக்கப் போய்விட்டார்.

சாதாரணக் கவனிப்பா அது? நாய்க்கு வேளாவேளைக்குக் கறிச்சோறு. அது தும்மினால் இவருக்கு நெஞ்சை அடைத்தது. மனைவி தேவசேனா கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். நாய் நன்றாக இருக்கும்வரை தனக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அவர் பதில்.

அந்த நேரம் பார்த்துத் திருமலைக்கு நடந்துபோகும் கூட்டம் ஒன்று ஊருக்குள் வந்தது. அவர்கள் போட்ட தயிர்சாதம் பிடித்துப்போய் நாயும் கூடவே கிளம்பிவிட்டது. உயிர் முன்னால் போனால் உடம்பு சும்மா இருக்குமா? கட்டிய லுங்கியோடு இவரும் பின்னால் நடந்தார். புத்தூரில் ஒருவர் மஞ்சள் துண்டு போர்த்தினார். வடமாலப்பேட்டையில் ஓர் அம்மாள், வாயில்லா ஜீவனுக்காக இப்படி நடக்கிறாரே என்று உருகி, கடிபட்ட காலையே பிடித்துக் கும்பிட்டாள். வலியில் இவர் அலற, கூட்டம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கோவிந்தா போட்டது.

அலிபிரியில் படி ஏறும் நெரிசலில் நாய் காணாமல் போனது. தேடி ஓய்ந்த தணிகைவேல் ஓரமாக உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நாய் செத்துக் கிடக்கிறதோ, அதற்கு வெறி பிடித்துவிட்டதோ, இனி எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? சாவு பயம் அப்போதுதான் வந்தது. போனில் சேதி கேட்ட தேவசேனா அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து நின்றாள்.

"அது நல்லா கீதான்னு பாத்துக்கினே இருந்தியே. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யார்யா கீறாங்க?"

அவர் எழுந்து அவள் பின்னால் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். கதையைக் கேட்ட நர்ஸ் தெலுங்கில் திட்டித் தீர்த்தாள். இப்போதாவது வந்தீர்களே, இனி ஒரு ஊசியையும் விடக் கூடாது என்றாள். பிறகு, அந்த நாய் இப்போது எங்கே என்று கேட்டாள். தணிகைவேல் ஊசியைப் பார்க்காமல் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"அது எங்க கீதோ தெரியாதும்மா. நான் இங்க கீறேன். எனக்குப் போடு."