ஒரு சுற்றுக்கு ஒரு டிக்

வெண்டல் ஷ்ராக் முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவன். பனியிலும் புழுதிக் காற்றிலும் ஒரு பிள்ளைக்கும் கீறல் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவன். அப்பேர்ப்பட்டவன், போன வருஷம் குடியேறியோர் நாள் ஊர்வலத்தில், தன் சொந்தப் பிக்கப் டிரக்கை லூத்தரன் சர்ச் சபையாரின் அலங்கார வண்டிமேல் மோதினான். நடக்கிற வேகம்தான். ஆனாலும் அட்டையில் செய்த நோவாவின் பேழை குப்புறக் கவிழ்ந்தது. அதிலிருந்த இரண்டு நிஜ வாத்துகள் மக்காச்சோளக் காட்டுக்குள் ஓடியவை ஓடியவைதான்.

அந்தப் பிக்கப் 1953-ஆம் வருஷத்து வண்டி. பிரேக்கும் அதே வருஷத்துடையது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி அர்லிஸ், ஊரே பார்க்க இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்த வருஷம் விதி விளையாடியது. பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் உழைத்ததற்காக அர்லிஸையே ஊர்வலத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவி ஒரு பழைய வண்டியில் முதல் ஆளாகப் போக வேண்டும். எந்த வண்டி என்பது அவள் இஷ்டம். சபைக்கூடத்து விருந்தில், உருளைக்கிழங்குச் சாலட்டைப் பரிமாறிக்கொண்டே அவள் அறிவித்தாள்.

"நிக்குமா நிக்காதான்னு தெரியாத வண்டியில நான் ஏறமாட்டேன். மெர்ல் அவன் காரைக் கொண்டு வரேன்னிருக்கான்."

மெர்ல் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கூரை திறக்கிற சிவப்புக் கார் வைத்திருக்கிறான். பதினோராம் வகுப்பில் அர்லிஸோடு ஒரே ஒரு முறை நடனமாடியவன். அதை அர்லிஸ் மறந்து நாற்பது வருஷமாகிறது. வெண்டல் மறக்கவில்லை.

மறுநாளே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமென்று தபாலில் எழுதிப்போட்டான். பெட்டி வந்தது, பொருத்தினான். சக்கரத்தோடு சுற்றும் தட்டைப் பிடித்து அழுத்தும் காலிபர் இருக்கிறதே, அது பன்றித் தொடை அளவு. பழைய சக்கரமோ அப்படியொரு தொடைக்காகச் செய்யப்பட்டதல்ல. நான் டயர் கடைக்காரன், நல்லது சொன்னேன்.

"வேற சக்கரம் போட்டுக்கடா. என்கிட்டயே இருக்கு, இடம் தாராளமா கிடைக்கும்."

"சக்கரத்தை மாத்துறதுக்குப் பதிலா உன்னை மாத்திக்கிறேன், ராய்ஸ். வேற டயர் கடையா இல்ல?"

அந்தச் சக்கரங்களுக்குப் பாலாடை நிறம் அடித்து, சுற்றிலும் மெல்லிய சிவப்புக் கோடு தன் கையாலேயே இழுத்திருந்தான். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வேலைதான். கோட்டை விட்டுக்கொடுக்க மாட்டான், என் கடையை விட்டுக்கொடுப்பான். நண்பன் என்றால் இப்படி ஒருத்தன் போதும்.

இடைவெளி பார்க்க அவனுக்கு ஒரு வழி தெரியும். காலிபர்மேல் களிமண்ணை அப்பி, சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டுக் கழற்ற வேண்டும். களிமண் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் இடம் குறைவு. களிமண்ணுக்குக் கடைக்குப் போகச் சோம்பல். குளிர்ப்பெட்டியில் அர்லிஸ் சர்ச் விற்பனைக்கென்று செர்ரிப் பழம் வைத்துச் சுடும் 'பை' பலகாரத்துக்காகப் பிசைந்து வைத்திருந்த மாவு இருந்தது. அதை எடுத்து அப்பினான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் எங்கும் ஒரு பென்சில் தடிமனுக்கு மாவு நின்றது.

"பாத்தியா? இவ்வளவு இடம்!" என்று குதித்தான்.

நானும் மகிழ்ந்துபோய் டயர்களை மாட்டி, சக்கரம் ஆடாமல் சுற்றச் சமன் பார்த்துக் கொடுத்தேன். அப்போது அவன் போட்ட நிபந்தனை ஒன்று. சமனுக்கு வைக்கிற ஈயத் துண்டு வெளியே தெரியக்கூடாது. கோடு கெட்டுவிடுமாம். சரி, தொலையட்டும் என்று ஒட்டுகிற ஈயத்தை ரிம்மின் உட்பக்கம் ஒட்டினேன்.

அன்று மாலை வண்டி கிளம்பியதும் சத்தமும் கிளம்பியது. டிக். டிக். டிக். வேகம் கூடினால் அதுவும் கூடும். நிறுத்தினால் நிற்கும்.

ஊர்வலத்துக்கு நாலு நாள். காலை ஆறு மணிக்குக் காபிக்கடையில் பகடை உருட்டுகிற கூட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒருத்தன் பேரிங் என்றான், ஒருத்தன் தட்டு வளைந்திருக்கிறது என்றான், ஒருத்தன் வாத்துகளின் சாபம் என்றான். வெண்டல் பேரிங்கை மூன்று முறை கழற்றி மூன்று முறை கிரீஸ் போட்டான். தட்டை அளந்தான். டிக் போகவில்லை. தபாலில் அனுப்பியவனைத் திட்டினான், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். என் கையால் ஒட்டிய ஈயம் எனக்கு ஒரு நொடியாவது நினைவுக்கு வந்ததா? வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கம்.

வெள்ளிக்கிழமை மதியம் அர்லிஸ் கொட்டகைக்குள் வந்தாள். கையில் காலிப் பாத்திரம்.

"என் மாவு எங்கே?"

வெண்டல் காலிபரைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் வெண்டல் மாவுச் சோதனையை ஒப்புக்கொண்டான்.

"அடப்பாவி! சாமிக்குன்னு பிசைஞ்ச மாவை எடுத்து பிரேக்குக்குப் பூசியிருக்கியே!"

"உனக்காகத்தான்மா செஞ்சேன்…"

"வாயை மூடு. அந்தச் சக்கரத்தைச் சுத்து."

வண்டி ஜாக்கிமேல் இருந்தது. வெண்டல் கையால் மெதுவாகச் சுற்றினான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஒரு சுத்துக்கு ஒரு தரம்தான் தட்டுது. பிரேக் ஆடாம அங்கேயேதானே இருக்கு? அப்போ சுத்துறதுலதான் ஏதோ நீட்டிக்கிட்டிருக்கு. ஸ்கூல்ல மாவு பிசையிற மிஷின்ல கரண்டி ஒட்டிக்கிட்டா இப்படித்தான் தட்டும். அந்த மாவுச் சோதனையை எப்போ செஞ்சே?"

"டயர் மாட்டுறதுக்கு முன்னாடி. வெறும் சக்கரத்துல."

"அதுக்கப்புறம் யார் என்ன ஒட்டினது?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் காதுவரை சுட்டது. சக்கரத்தைக் கழற்றினோம். ஈயத் துண்டின் ஒரு மூலை காலிபரில் இடித்து இடித்து, புது நாணயம்போலப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"அவன்தான் உள்ளே ஒட்டச் சொன்னான்!" என்றேன்.

"இவன் சொன்னா கிணத்துல குதிப்பியா, ராய்ஸ்?"

அடித்து மாட்டுகிற ஈயத்தை உள் விளிம்பில் வைக்கலாமா என்று பார்த்தேன். அங்கே ஸ்டீயரிங் தண்டு இடிக்கும் போலிருந்தது. மிச்சமிருந்தது வெளி விளிம்புதான், சிவப்புக் கோட்டுக்கு மேலே, ஊர் பார்க்க. வெண்டல் சுத்தியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். சாம்பல் நிற ஈயத்தைத் தானே வைத்து அடித்தான். இரண்டாவது அடியில் கோடு பெயர்ந்தது. மூன்றாவதையும் அடித்தான்.

வண்டியை வெளியே எடுத்தான். டிக் இல்லை. தெருவில் ஒரு நடை போய் வந்து, அர்லிஸுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறு."

"நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் தெருவின் நடுவில் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அந்தத் தெருக்கோடித் தானியக் கோபுரத்துக்கிட்டேயிருந்து வா. என் முன்னாடி வந்து நிறுத்து."

"பைத்தியமா உனக்கு?"

"பிரேக் நல்லாயிருக்குன்னுதானே ஏறச் சொன்னே? வா."

அவன் கோபுரம்வரை பின்னால் போனான். வண்டி கிளம்பியது, கொஞ்சம் வேகமெடுத்தது, உடனே நின்றது. தட்டு காலிபர் எல்லாம் அழகாகப் பிடித்தன. நின்ற இடத்துக்கும் அவளுக்கும் நடுவே நாலு வீடு இருந்தது.

"கிட்ட வா!" என்று கத்தினாள்.

மறுபடி பின்னால் போனான், மறுபடி வந்தான். இந்த முறை ஐந்து வீடு தள்ளியே நின்றுவிட்டான். ஜன்னல் வழியே தலையை நீட்டினான். முகம் வெளுத்திருந்தது.

"என்னால முடியாது, அர்லிஸ். நீ மெர்ல் கார்லயே போ. நீ முன்னாடி நிக்கிறப்போ என்னால வண்டி ஓட்ட முடியாது."

எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. அர்லிஸ் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். அந்த ஐந்து வீட்டுத் தூரத்தையும் அவளே நடந்தாள். கதவைத் திறந்து ஏறி, மேலாடையைச் சரிசெய்துகொண்டாள்.

"நாளைக்கும் இப்படித்தான் ஓட்டணும்," என்றாள். "முன்னாடி யாரு நின்னாலும் நான்தான் நிக்கிறேன்னு நினைச்சுக்க."

அவன் இரண்டு முறை இழுத்தும் கியர் விழவில்லை. அவள் கையை நீட்டி, அவன் கைமேல் வைத்து, தானே தள்ளிப் போட்டாள்.