இரு தரப்புக்கும் பொதுவான நாய்

நிலம் அளக்கும் வேலையில் எனக்கு முதலில் சொல்லித் தரப்பட்டது சங்கிலி பிடிப்பது அல்ல; அளக்கப் போகிற இடத்தில் எந்தத் தரப்பு வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதுதான். ஒரு வாய் மோர் குடித்தால் போதும், எதிர்த் தரப்பு தாசில்தாரிடம் போய் நின்றுவிடும். இத்தனை வருட சர்வீஸில் இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றி வந்த நான், நாய் வளர்க்க ஆரம்பித்த பிறகு பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன். காப்பகத்திலிருந்து நாயைக் கூட்டி வந்து, அது எப்போது நம்மைத் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் என்று காத்துக் கிடக்கிறவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மூன்றாவது வீடு

ஒரத்தநாட்டுக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் லில்லி டீச்சர் நாய்க் காப்பகம் நடத்துகிறார். பக்கத்துத் தோப்புக்காரரோடு அவருக்கு வேலித் தகராறு. அளக்கப் போன நான் வழக்கம்போல டீ வேண்டாம் என்றேன், இளநீர் வேண்டாம் என்றேன். கம்பிவலைக்குப் பின்னால் ஒரு செவலை நாய் மட்டும் குரைக்காமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அளவு முடிந்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, கோப்பைக் கட்டி வைத்த பிறகுதான் போய்க் கேட்டேன். சர்வேயர் அம்மா நாயை லஞ்சமாக வாங்கிவிட்டார் என்று பெயர் வந்துவிடக் கூடாது இல்லையா?

கணவர் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். வாடகை வீட்டில் நானும் டி.வி.யும்தான். டீச்சர் எதையும் மறைக்கவில்லை. ரோஸி என்று பெயர் வைத்திருந்த அந்தச் செவலையை ஏற்கெனவே இரண்டு வீட்டில் எடுத்துப் போயிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டது. துடைப்பமோ கம்போ கையில் இருப்பதைப் பார்த்தாலே ஓட்டம்தான். எலும்பும் தோலுமாகப் பிடித்துக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்கள். என் ஸ்கூட்டரில் அதை ஏற்றிவிட்டபோது டீச்சர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "திருப்பிக் கொண்டாந்தா நான் வாங்கிப்பேன் மேடம். ஆனா அதுக்கப்பறம் அது யாரு வீட்டுக்கும் போகாது."

முதுகும் முதுகும்

வந்த நாளிலிருந்து ரோஸி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. சோறு வைத்தால் தட்டைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், தொடாது. நான் உள்ளே போனால்தான் தின்னும். எத்தனை நாள் உள்ளே போய் ஒளிந்துகொள்வது? ஒருநாள் பிடிவாதமாக நானும் என் தட்டை எடுத்துக்கொண்டு படிக்கு அருகில் வந்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் சளப் சளப் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நானும் தயிர்சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நான் கூடத்தைப் பார்த்துச் சாப்பிடுவேன், அது தெருவைப் பார்த்துச் சாப்பிடும். மாடியிலிருந்து இதைத் தினமும் பார்த்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "ஏம்மா, ரெண்டு பேருக்கும் என்ன சண்டை? ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கிட்டு சாப்புடுறீங்களே."

கழுத்துப் பட்டை

தனியாக விட்டுப் போனால் தெருவே கூடும்படி ஊளை. எனவே ஸ்கூட்டரின் முன்பக்கம், கால் வைக்கிற இடத்தில் அதை உட்கார வைத்து வேலைக்கும் கூட்டிப் போக ஆரம்பித்தேன். டீச்சர் கட்டிவிட்டிருந்த கழுத்துப் பட்டையில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. நான் அதை அழுக்குத் தெரியாத பட்டை என்றுதான் நினைத்திருந்தேன். கொடிக்கம்பம் இல்லாத தெருமுனையே கிடையாத இந்த ஊரில் வேறு மாதிரியும் நினைக்கலாம் என்று தோன்றவே இல்லை.

ஒரு கிராமத்தில் பொதுப்பாதை ஆக்கிரமிப்பை அளக்கப் போனேன். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் ஒருவர் நாயை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். சர்வேயர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டதாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் முணுமுணுத்தார். நான் பட்டையைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். அவர் பெரிய மனசோடு தடுத்தார். "கழட்ட வேணாம் மேடம். நடுவுல ஒரு வெள்ளைக் கோடு மட்டும் போட்டுருங்க, எங்க ஆளுங்க ஒத்துக்குவாங்க."

பிஸ்கட் விவகாரம்

அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் ஒரு வரப்பு. அண்ணன் வருஷா வருஷம் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போது ஒரு மண்வெட்டி சேர்த்து வெட்டுகிறார் என்பது தம்பியின் புகார். நான் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்த தம்பி மனைவி, ஆதங்கத்தில் ரோஸிக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டினார். யார் கையிலிருந்தும் எதையும் வாங்காத ரோஸி, கழுத்தை நீட்டி அதை வாங்கிக்கொண்டது. நான் சந்தோஷப்படுவதற்குள் அண்ணன் அளவுச் சங்கிலியின் மேல் காலை வைத்துவிட்டார். நாய் அந்த வீட்டில் தின்றுவிட்டது, இனி இந்த அளவை ஒத்துக்கொள்ள முடியாது என்றார்.

வேறு வழியில்லை. அவரும் ஒரு பிஸ்கட் கொடுக்கட்டும் என்றேன். கொடுத்தார். ரோஸி வாங்கவில்லை. மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. முதுகைக் காட்டி உட்காருங்கள் என்று என் வீட்டு வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். மீசை வைத்த ஆறடி ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் குந்தி, பிஸ்கட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி மூச்சு விடாமல் காத்திருந்தார். தம்பியும் காத்திருந்தார். ரோஸி மெதுவாகப் போய் வாங்கிக்கொண்டது. அண்ணன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இப்ப அளங்க மேடம். ரெண்டு வீட்டுலயும் கை நனைச்சாச்சு."

கொடிக்கழி

என்னோடு சங்கிலி பிடிக்க வருகிற செயின்மேன் முருகையன், நேர்கோடு பார்க்க நடுகிற சிவப்பு வெள்ளைக் கொடிக்கழிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மிடுக்காக நடக்கிற ஆள். அந்தக் கழிகளைப் பார்த்தாலே ரோஸி என் காலுக்கு நடுவில் புகுந்து நடுங்கும். கொஞ்ச நாளில் பார்த்தால், மனுஷன் கழிகளைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு நடக்கிறார். பெயின்ட் எல்லாம் உரிந்துவிட்டது. ஆபீஸில் கேட்டால் என்ன சொல்வது என்றேன். "தேஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம் மேடம். அதுக்குப் பயமா இருக்குல்ல."

உளுந்துக்குள் ஓட்டம்

புது ஆறு என்று இங்கே சொல்கிற கால்வாயின் பாசனத்தில் ஒரு நிலம். பக்கிரிசாமி என்பவர் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுது வருகிறார். நிலத்துக்காரர் மகன் ரவிச்சந்திரனுக்கு அதை மனை போட்டு விற்க ஆசை. குத்தகைப் பதிவில் உள்ள நிலம் எதுவரை என்று அளந்து சொல்லப் போயிருந்தேன். நெல் அறுவடை முடிந்து, அடுத்து விதைத்த உளுந்து ஒரு சாண் வளர்ந்திருந்தது. நான் அடையாளத்துக்கு அடித்த முளைக்குச்சியை ரவிச்சந்திரன் பிடுங்கி ஓங்கினார். பக்கிரிசாமி மண்வெட்டியைத் தூக்கினார். அடுத்த நொடி என் காலடியில் ரோஸி இல்லை. உளுந்துக் கொல்லைக்குள் ஒரு செவலைக் கோடு ஓடி மறைந்தது.

நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். சண்டைக்காரர்களுக்கு நடுவில் சர்வேயர் அழுவது நல்ல முன்னுதாரணம் இல்லை, தெரியும். ஆனால் டீச்சர் சொன்னது நடந்துவிட்டது, இனி அதற்கு வீடே இல்லை என்பதைத் தவிர எனக்கு எதுவும் தோன்றவில்லை. முருகையன்தான் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். குச்சியும் மண்வெட்டியும் கீழே கிடந்தன. ரவிச்சந்திரன் பேன்டை மடித்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். பக்கிரிசாமி தன் உளுந்தையே மிதித்துக்கொண்டு ஓடினார். ரோஸி, ரோஸி என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். மதகுக்கு அடியில் பார்த்தார்கள், வைக்கோல் போருக்குப் பின்னால் பார்த்தார்கள். காணவில்லை.

வெயில் தாழ்ந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை ரோட்டிலாவது தேடலாம் என்று நடந்தேன். பக்கிரிசாமியும் மூச்சு வாங்கக் கூடவே வந்தார். ஸ்கூட்டரை ரொம்ப தூரத்தில், ரோட்டோரப் பூவரச மரத்தடியில் நிறுத்தியிருந்தேன். அங்கே, கால் வைக்கிற இடத்தில் ரோஸி உட்கார்ந்திருந்தது. நடுக்கம் இன்னும் போகவில்லை. என்னைப் பார்த்ததும் வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்பதுபோல முகத்தை என் முழங்காலில் வைத்துக்கொண்டது. முதுகைக் காட்டச் சொல்லவில்லை. பின்னால் வந்து சேர்ந்த ரவிச்சந்திரன், அப்பாடா என்று ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அளவு நடக்கவில்லை. இருவரும் கேட்கவும் இல்லை. பக்கிரிசாமி நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அது ஓடிப்போகல மேடம். வீட்டுக்குக் கெளம்பி வந்து உக்காந்துருக்கு."

ஊரில் எத்தனையோ பேருக்கு இது உங்கள் இடம் என்று கல் நட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நட்டுக் கொடுத்தது ஒரு நாய், அதுவும் நான் மனு போடாமலே.